பாதிரியாரைத் திருப்பி வைத்த கடப்பாரை

மொரீஷியஸ் தீவில் எரிமலை கக்கிவிட்டுப் போன கல்லையெல்லாம் ஒற்றை ஆளாக நின்று பொறுக்கி அடுக்காமல் சாகமாட்டேன் என்று கிளம்பிய ஒரே மனிதர் எங்கள் ஊர்க் கடப்பாரைதான். முக்கால்வாசிக் கல்லை அவர் அடுக்கியும்விட்டார் என்று சத்தியம் செய்கிறவர்கள் சுயாக் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். மீதிக் கால்வாசி அவருக்குப் பயந்து தானாகவே கடலில் போய் விழுந்துவிட்டது என்பது என் கட்சி.

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் ஊரில் யாருக்கும் அது தெரியாது. சர்க்கரை ஆலையின் எடைமேடையில் குமாஸ்தாவாக இருந்த நானே, அவருடைய கரும்பு வண்டி வந்தால் சீட்டில் 'கடப்பாரை' என்றுதான் எழுதுவேன். ஆளுயரக் கடப்பாரை ஒன்று அவர் கையில் எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார், துக்க வீட்டுக்கும் அதோடுதான். ஒரு தடவை போர்ட் லூயிக்குப் போக சுயாக் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். கார்டு வழிமறித்தான்.

"இந்த இரும்பையெல்லாம் பெட்டியில ஏத்தக் கூடாது. உக்கார இடம் இல்ல."

"அது உக்காராதுடா. நின்னுகிட்டே வரும். உனக்கென்ன கஷ்டம்?" என்றார் கடப்பாரை. போர்ட் லூயி வரைக்கும் அது நின்றுகொண்டேதான் போயிற்று. பக்கத்தில் இருந்த நாலு பேரும்கூட நின்றுகொண்டேதான் போனார்கள், ரயில் ஆடும்போதெல்லாம் அது யார் தலைக்கு வருமோ என்று.

அவருக்கு இரண்டு ஆர்ப்பான், கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர், நிலம் இருந்தது. தோட்டக்காரத் துரைமார் யாருக்கும் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பூமி. அதில் கரும்பைவிடக் கல்தான் செழிப்பாக விளையும். விடிந்ததும் கடப்பாரை அங்கே போய், ஒரு கல்லின் அடியில் இரும்பைக் கொடுத்து, பேச்சை ஆரம்பிப்பார்.

"எழுந்திருங்க ஐயா. ரொம்ப நாளாப் படுத்துட்டீங்க. இடுப்பு வலிக்கும். மெதுவா... ஆங், அப்படித்தான். வாங்க, வாங்க."

கல்லுக்குத்தான் இந்த வாங்க போங்க. மனுஷர்களுக்கெல்லாம் வாடா போடாதான். எனக்கு அவர் வைத்த பெயர் தராசு. எடைமேடையில் நாற்காலி போட்டு, கோட்டு மாட்டி, பிரெஞ்சில் கையெழுத்துப் போடும் என்னை, நாலு பேர் எதிரில் "டேய் தராசு!" என்று கூப்பிடுவார். பாவி மனுஷன், எத்தனை தடவை என் மானத்தை வாங்கியிருக்கிறார்! ஆலை மேனேஜர் துரையைக்கூட வா, போ என்றுதான் சொல்வார். அவர் மரியாதை கொடுத்துப் பேசிய மனித ஜென்மம் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் ஊர்ப் பாதிரியார், எல்லார் வாயிலும் மோம்பேர்; பிரெஞ்சில் 'என் தந்தையே' என்று அர்த்தம்.

இன்னொரு வியாதியும் கடப்பாரைக்கு உண்டு. யார் என்ன சொன்னாலும் "சரி" என்பார். பிறகு தன் இஷ்டத்துக்குச் செய்வார். கேட்டால், "நீ சொன்னே, நான் கேட்டுக்கிட்டேன். அதுக்குத்தான் சரின்னேன்" என்பார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷமும் ஒரு சிலையும் தேவைப்பட்டன.

மோம்பேர் பிரான்ஸ் தேசத்துக்காரர். நெட்டை உருவம், ரொட்டித் துகள் ஒட்டிய தாடி, கடிக்கிற கோவேறு கழுதை ஒன்று. மழைக்குப் பின்னால் காய்ச்சல் காலம் வந்தால், காம்பில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்குவார். கூலிக்காரர்கள் வரிசை வீடுகளில் இருக்கும் இடத்தைத்தான் நாங்கள் காம்ப் என்போம். வேதக்கார வீடா, மாரியம்மன் கும்பிடுகிற வீடா என்று அவர் பார்த்ததில்லை. வாயைத் திற என்பார், கொய்னா மருந்தைப் போடுவார், அடுத்த வீட்டுக்குப் போவார். கடப்பாரையின் மனைவி செல்லம்மா அக்காவுக்குக் காய்ச்சல் தலைக்கேறியபோது, அவளைத் தன் கழுதைமேல் ஏற்றி, தான் நடந்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவள் பிழைத்தாள். கூடப் போன கடப்பாரையை வழியில் கழுதை இரண்டு இடத்தில் கடித்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் இணைபிரியாத சிநேகிதர்கள் ஆனார்கள். பதினைந்து வருஷம் மோம்பேர் கடப்பாரையை ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னார். பதினைந்து வருஷம் கடப்பாரை மோம்பேரைத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கச் சொன்னார். கடைசி வரைக்கும் ஒருத்தரும் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசி வருஷம் மோம்பேருக்குக் கால் விழுந்துவிட்டது. மணி அடித்து விளக்கேற்றும் கோயில்பிள்ளை தினமும் காலையில் அவரை நாற்காலியோடு தூக்கி வந்து, மாதா கோயில் முற்றத்தில் ரோட்டைப் பார்த்து உட்கார வைப்பார். பெரிய மனிதர்கள் கோச்சு வண்டியில் போகும்போது பாதிரியார் முதுகைக் காட்டினால் மரியாதையா என்பது அவர் கவலை. ஆனால் காம்ப் இருப்பது பின்பக்கம். குட்டைச் சுவர், அதற்கப்பால் ஒரு பாத்திக் கரும்பு, அதற்கப்பால் காம்ப். காட்டுக்குப் போகிற வழியில் கடப்பாரை தினமும் உள்ளே நுழைவார். "வாங்க மோம்பேர், திரும்புங்க" என்று நாற்காலியை அப்படியே சுற்றிக் காம்பைப் பார்க்க வைப்பார். அங்கே யார் வீட்டில் அடுப்பு புகையவில்லை என்று பார்த்து, அந்த வீட்டில் காய்ச்சல் என்று மோம்பேர் ஆள் அனுப்புவார். கோயில்பிள்ளை மறுபடி ரோட்டுப் பக்கம் திருப்புவார். கடப்பாரை மறுநாள் மறுபடி காம்ப் பக்கம் திருப்புவார்.

ஒரு நாள் அப்படித் திருப்பிவிட்டுக் கிளம்பும்போது மோம்பேர் அவர் கையைப் பிடித்து, "திமே ஓசி" என்றார். நாளைக்கும் என்று அர்த்தம். கடப்பாரை சரி என்றார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது.

கடப்பாரை வாழ்க்கையில் சொன்ன சரிகளில் இந்த ஒன்றைத்தான் கடனாக எடுத்துக்கொண்டார். அது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் நான் அந்தக் கமிட்டியிலேயே சேர்ந்திருக்க மாட்டேன்.

மோம்பேருக்கு மாதா கோயில் முற்றத்தில் சிலை வைக்க ஒரு கமிட்டி போட்டார்கள். ஆலை மேனேஜர்தான் தலைவர். பிரெஞ்சு எழுதத் தெரிந்த பாவத்துக்கு என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். பிரான்ஸிலிருந்து கப்பலில் வெள்ளைக் கல் சிலை வந்தது. தாடி, அங்கி, கையில் மருந்துப் பை, எல்லாம் அச்சு அசல் மோம்பேர். துறைமுகத்திலிருந்து ரயிலில் சுயாக் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஊர் வந்து சேர்ந்தது. சிலை ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பிஷப் வந்து திறப்பார் என்று தீர்மானம். என் கையாலேயே எழுதினேன்.

அந்தக் கனத்தைப் பீடத்தில் ஏற்ற ஜில்லாவிலேயே ஒரு ஆள்தான் உண்டு. கூப்பிட்டேன்.

"சிலை ரோட்டைப் பாத்து நிக்கணும். புரியுதா?"

"சரி," என்றார் கடப்பாரை. "மூணு நாள் வேணும்."

"எதுக்கு மூணு நாள்? ஒரு மணி நேரத்துல சிமெந்து பூசிடலாமே!"

"சிமெந்தா? மோம்பேரை என்ன மாட்டுத்தொட்டின்னு நெனைச்சியா? மருந்து சாத்தணும்டா தராசு."

எங்கள் காம்பு மாரியம்மனைப் பீடத்தில் நிறுத்தியதும் இதே கடப்பாரைதான். அங்கே எப்படிச் செய்தாரோ அப்படித்தான் இங்கேயும் செய்வேன் என்று நின்றார். வேறு மாதிரி நிறுத்த அவருக்குத் தெரியாது. கோயில் திருப்பணிக்கு இந்தியாவிலிருந்து வரவழைத்ததில் மீந்த கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி எல்லாம் வந்து இறங்கின. தேன்மெழுகைக் கோயில்பிள்ளையின் மெழுகுவத்திப் பெட்டியிலிருந்து எடுத்தார். எருமை வெண்ணெய்க்கு இந்தத் தீவில் எருமைக்கு எங்கே போவது? பசு வெண்ணெய்க்கு அம்மனிடம் ஏற்கெனவே சம்மதம் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். மாதா கோயில் பாதாம் மரத்தடியில் உரல் போட்டு, காம்புப் பெண்கள் முறை வைத்து, பாட்டுப் பாடி, மூன்று நாள், சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து இடித்தார்கள். கோயில்பிள்ளை மூன்று நாளும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஜெபமாலை உருட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். பூசணிக்காய்க் குழம்பு. நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ரோட்டிலிருந்து எனக்குத் தெரிந்தது மோம்பேரின் முதுகு. முகம் காம்பைப் பார்த்து இருந்தது. பீடத்தைச் சுற்றிச் சிவப்பு மருந்து வளையம். பக்கத்தில் கடப்பாரை காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயோ! என்னய்யா பண்ணி வச்சிருக்கீர்? ரோட்டைப் பாத்துன்னு சொன்னேனே!"

"சொன்னே. நான் கேட்டுக்கிட்டேன்."

"திருப்பும் ஐயா, திருப்பும்!"

"மருந்து சாத்தியாச்சு. இனிமே பன்னண்டு வருஷம் அசைக்கக் கூடாது. நீ தமிழன்தானே? உனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் நாற்காலிக் கதையைச் சொன்னார். 'திமே ஓசி'யையும் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் என் உத்தியோகம் கண்ணுக்கு முன்னால் நின்றதால், அவரைத் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனேன்.

கூரெபீப்புக்குப் போயிருந்த மேனேஜர் சனிக்கிழமை காலை திரும்பினார். முதுகைப் பார்த்தார். அவர் முகம் மருந்து வளையத்தைவிடச் சிவந்தது. ஆலையிலிருந்து இருபது ஆளை வரவழைத்து, "வீர் லி! வீர் லி!" என்று கத்தினார். அவனைத் திருப்புங்கள் என்று அர்த்தம். வந்தவர்கள் பாதிப் பேர் காம்புத் தமிழர்கள். சிவப்பு வளையத்தைப் பார்த்ததும் பத்து அடி பின்வாங்கிக் கையைக் கூப்பினார்கள்.

"மருந்து சாத்தின சாமி, மிஸ்யே. கை வெக்க மாட்டோம்."

"அது சாமி இல்லை, பாதிரியார்!"

"இவ்ளோ நாள் பாதிரியார், மிஸ்யே. வியாழக்கிழமையிலேர்ந்து அசையக் கூடாத பாதிரியார்."

மீதி ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். மேனேஜரே கோட்டைக் கழற்றிவிட்டுக் கயிற்றின் நுனியைப் பிடித்தார். மோம்பேர் அசையவில்லை. கயிறு அறுந்தது. மேனேஜர் கோயில்பிள்ளையின் ரோஜாப் பாத்தியில் உட்கார்ந்தார், முள்ளோடு எழுந்தார். இதற்கு மேல் இழுத்தால் கழுத்து முறிந்துவிடும் என்று கொத்தனார் சொன்னதும், அவர் கடப்பாரை பக்கம் திரும்பினார்.

"உனக்குத்தான் வழி தெரியும். சாயங்காலத்துக்குள் திருப்பி வை. இல்லாவிட்டால் திங்கட்கிழமை உன் கரும்பு என் ஆலை எடைமேடையில் ஏறாது."

வெட்டுக் காலம்; கடப்பாரையின் இரண்டு ஆர்ப்பானும் வெட்டிக் கட்டிக் கிடந்தது. அடுத்த ஆலைக்கு மாட்டு வண்டி போய்ச் சேருவதற்குள் சாறு புளித்துப் போகும். ஒரு வருஷத்துச் சாப்பாடு அது.

"சரி," என்றார் கடப்பாரை. இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் நானே அவர் காட்டுக்கு ஓடினேன். அவர் ஒரு குண்டுக் கல்லிடம் எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். என் கெஞ்சலைக் காதில் வாங்கவே இல்லை. செல்லம்மா அக்காவிடம் முறையிட்டேன்.

"நீங்களாவது சொல்லுங்க அக்கா. ஒரு வருஷப் பாடு! காயப் போகுது!"

"காயட்டும் தம்பி," என்றாள் அவள். "அந்தக் கரும்புல பாதி நான் நட்டது. கழுதை மேல ஏறிப் போனவ நான்தானே? அவரு முகத்தை அந்தாண்ட திருப்பிட்டு அந்தக் காசுல சோறு திங்கச் சொல்றியா?"

கடப்பாரை மட்டும்தான் பைத்தியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஜோடியாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரோட்டுப் பக்கம் தொப்பி வைத்த சீமாட்டிகள், கோச்சு வண்டிகள், ஆலை பாண்டு. பிஷப் இறங்கினார். திரையை இழுத்தார். மோம்பேரின் முதுகும், குதிகாலும் தெரிந்தன. பாண்டுக்காரர்கள் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டார்கள். பிஷப் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

சிற்பி தப்பாகச் செய்துவிட்டான் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. உத்தியோகமும் பிழைத்திருக்கும். ஆனால் சுவருக்கு அப்பால் அந்தக் கடப்பாரையின் நுனி கரும்புக்கு மேல் தெரிந்தது. அந்த மனுஷன் அங்கே நின்றுகொண்டிருக்கிறார் என்று புரிந்தது. என் பிரெஞ்சில் உள்ள தப்பெல்லாம் வெளியே வர, நாற்காலிக் கதையை முழுக்கச் சொன்னேன். 'திமே ஓசி' என்று மோம்பேர் சொன்னதைச் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

பிஷப் அங்கியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிலையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். அங்கே குட்டைச் சுவர் நெடுக, கரும்புப் பாத்தி நெடுக, காம்பு மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. குழந்தை குட்டியோடு, குளித்து, பூ வைத்து, மோம்பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு. பிஷப் அங்கே நின்றுதான் ஆசீர்வாதம் செய்தார். சீமாட்டிகள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்து சேர்ந்தார்கள். மேனேஜரும் வந்தார், உட்கார முடியாமல் நின்றுகொண்டே.

பிறகு கடப்பாரையைக் கூப்பிட்டு, பிஷப் மோதிரக் கையை நீட்டினார். முத்தமிடுவதற்கு. நம் ஆளுக்கு அது எங்கே தெரியும்? கையைப் பிடித்து, மோதிரக் கல்லைக் கட்டை விரலால் இரண்டு தடவை அசைத்துப் பார்த்தார்.

"சின்னக் கல்லு," என்றார். "ஆனா நல்லாத்தான் உக்கார வெச்சிருக்கான்."

என்ன சொல்கிறார் என்று பிஷப் கேட்டார். உங்களை வணங்குகிறார் என்று மொழிபெயர்த்தேன். பிஷப் கை குலுக்கிய ஆளின் கரும்பை மறுநாள் தடுக்க மேனேஜருக்குத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை முதல் வண்டியே கடப்பாரையுடையதுதான். எடைமேடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாக என்னை எட்டிப் பார்த்தார். வழக்கம்போல ஊர் கேட்கக் கத்துவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வாங்க தராசு ஐயா," என்றார். "எடை போடுங்க."

எடை போட்டேன். கண் மறைத்ததில் முள்ளே தெரியவில்லை; இரண்டு தடவை போட வேண்டியதாயிற்று.

போன மழைக் காலத்தில் கடப்பாரை போய்விட்டார். பதினாறாம் நாள் செல்லம்மா அக்கா அந்த இரும்பை என் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து, "உனக்குத்தான் குடுக்கச் சொன்னாரு தம்பி" என்று கதவோரம் சாத்திவிட்டுப் போனாள். பேனாவைவிடக் கனமான எதையும் நான் தூக்கியதில்லை. அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன். வாசல்படி வரைக்கும்தான் முடிந்தது. இதை ஒற்றைக் கையில் வைத்துக்கொண்டா அந்த மனுஷன் கல்யாணத்துக்கெல்லாம் வந்தார் என்று அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சொல்வதற்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது. பீடத்து மருந்து வெடித்திருக்கிறது. கமிட்டியிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது: இப்போது ரோட்டில் மோட்டார் வண்டிகள் நிறையப் போகின்றன, மராமத்து செய்யும் சாக்கில் சிலையை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட ஏற்பாடு செய்யவும். சரி என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன். கமிட்டியில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, ஆகவே இங்கே தைரியமாகச் சொல்கிறேன். தேன்மெழுகு வாங்கியாயிற்று. காம்புப் பெண்கள் திங்கட்கிழமை பாதாம் மரத்தடியில் உரல் போடுகிறார்கள். இரும்பைப் பிடிக்க ஆறு பேரைச் சேர்த்திருக்கிறேன். ஏழாவதாக நானும் ஒரு ஓரம் பிடித்துக்கொள்வேன். மோம்பேர் இருந்த இடத்தில், பார்த்த பக்கமே பார்த்து நிற்பார்.

நாளைக்கும் என்றுதானே அவர் சொன்னார்? கடப்பாரை இல்லாத நாளும் அதில் சேர்த்திதான்.